டவர் வந்த நாள்

மாகறலில் புது செல்போன் டவருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். ஊருக்கே சந்தோஷம், கல்பனா மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து, தென்னேரியிலிருக்கும் அம்மா வீடியோவில் வரச் சொல்லும்போதெல்லாம், "இங்க சிக்னல் இல்லம்மா, வீடியோ வராது" என்றே சமாளித்து வந்தாள்.

"கல்பனா! டவரு வந்துட்ச்சினு உங்கம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். இனிமே மூஞ்சப் பாத்துக்கினே பேசலாம்!" தெருவிலிருந்து பக்கத்து வீட்டு புஷ்பா கத்தினாள்.

"சரிக்கா" என்றாள் கல்பனா, கதவைத் திறக்காமலே.

உடனே வீடியோ கால் வந்தது.

கல்பனா கண்ணாடியைப் பார்த்தாள். புருஷன் அறைந்த கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, போன் கேமராமேல் அழுத்தி ஒட்டிவிட்டுப் பேசினாள்.

"இன்னாடி, ஒரே இருட்டா கீது?"

"சிக்னல் வந்துட்ச்சிம்மா. கேமராதான் பூட்ச்சி."