மாடிக்காரர் கையில் கட்டிங் பிளேயர்

"அக்கா, மாடிப்படி ஒயர் பெட்டிகிட்ட மேல் கம்பெனிக்காரர் நிக்கிறார். கையில கட்டிங் பிளேயர்."

ஹெட்போனைக் கழட்டக்கூட மறந்து ஓடிவந்து சொன்னாள் டீம் லீடர்.

கீழ்த்தளக் கம்பெனி முதலாளியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்காவுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? திடீரென்று இன்டர்நெட் போய்விட்டது. வெளிநாட்டு ஓட்டல்காரர்கள் வீடியோ காலில் வரும் நேரம். அவர்களுடைய ரூம் புக்கிங் வேலையை இங்கிருந்தே பார்த்துத் தரும் ஆர்டர். கிடைக்காவிட்டால் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அதே ஆர்டருக்கு மாடிக்காரரும் போட்டி. ஓட்டல்காரர்களோடு அவருடைய வீடியோ கால் நேற்றே முடிந்துவிட்டது.

அக்கா படிக்கட்டில் போய் நின்றாள்.

"என்ன சார், உங்க வேலை முடிஞ்சதும் எங்க லைனை அறுக்க வந்துட்டீங்களா? இதெல்லாம் ஒரு பொழப்பா?"

மாடிக்காரர் திரும்பவே இல்லை. வாயில் கடித்திருந்த ஒயரை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"போய் உட்காருங்க மேடம். அப்புறமா வந்து திட்டுங்க."

உள்ளே வந்தால், இன்டர்நெட் வந்திருந்தது.

"பாத்தியா? நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் வழிக்கு வர்றாங்க" என்றாள் அக்கா, டீம் லீடரிடம்.

கால் பிரமாதமாக நடந்தது. லைன் ஒரு தடவைகூட விக்கவில்லை என்று ஓட்டல்காரர்களே பாராட்டினார்கள். ஆர்டரும் கிடைத்துவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் கேபிள்காரர் தலையை நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். உங்க ஒயரை எலி கடிச்சிருச்சு. புதுசா இழுக்கச் சாயங்காலம் ஆயிடும்."

"நெட்தான் வருதே?"

"அது மாடிக்காரரோட லைன். அவரோடதைக் கழட்டி உங்களுக்கு மாட்டிட்டுப் போயிருக்கார்."

அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. எல்லாரும் பேப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாடிக்காரர்தான் அம்பயர்.

அக்கா நேராக அவரிடம் போனாள்.

"உங்க ஆர்டரும் போச்சே சார். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நடுவுல உங்க லைன் போயிருந்தா, கீழ்க் கம்பெனி சரியில்லைன்னா சொல்லுவாங்க? நம்ம நாட்டுக்காரங்களே இப்படித்தான்னுதானே சொல்லுவாங்க? அப்புறம் எனக்கு மட்டும் யாரு மேடம் ஆர்டர் குடுப்பா?" என்றவர், கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார்.

"சரி, திட்டு ஏதும் பாக்கி இருக்கா? இல்ல, ஒயரைக் கழட்டிக்கட்டுமா?"