தாணுமாலயன் சத்தியம்

அம்மாவின் சங்கிலி காணோம். பூதலிங்கம் தம்பி மாதேவனைச் சுசீந்திரம் கோயில் வாசலுக்கே இழுத்து வந்துவிட்டான். அம்மாவும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பூதலிங்கம் தரையில் கற்பூரத்தைக் கொளுத்தினான்.

“தாணுமாலயன் பேரச் சொல்லி இத அணைலே! சும்மா பேருன்னு நெனச்சியா? தாணுன்னா சிவன், மால்னா விஷ்ணு, அயன்னா பிரம்மா. பொய் சொன்னா, ஒருத்தர் விட்டாலும் மத்த ரெண்டு பேரும் விடமாட்டாவ!”

“தாணுமாலயன் சத்தியமா நான் எடுக்கல்ல.” மாதேவன் உள்ளங்கையால் தீயை அணைத்தான்.

அம்மா இன்னொரு கட்டியைக் கொளுத்தினாள்.

“இப்ப நீ அணை, மக்கா.”

பூதலிங்கம் கோபுரத்தைப் பார்த்தான். கை வேட்டி மடியை விட்டு வரவில்லை.

“விடும்மா... வீட்டு விஷயத்துக்குப் போயி மூணு சாமியவும் எதுக்கு இழுக்கணும்?”