கலங்கிய தொட்டி

குரோம்பேட்டையில் இருந்த அந்த வண்ண மீன் கடைக்குள் ஜஹீரா கோபமாக நுழைந்தாள்.

"தொட்டி வெச்சு அஞ்சு நாளாச்சு. தண்ணி அரிசி கழுவின மாதிரி கலங்கிக் கிடக்கு. ரெண்டு மீன் செத்தே போச்சு!"

கடைக்காரர் சிராஜுதீன் மீன் தீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"புதுத் தொட்டின்னா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். தீனியைக் கம்மியாப் போட்டா தானாத் தெளிஞ்சிடும்."

"இதையேதான் போன்லயும் சொன்னீங்க. நேர்ல வந்து பார்க்க முடியாதா?"

"இன்னிக்குப் பொழிச்சலூர்ல ரெண்டு வீட்டுக்குப் போகணும். நாளைக்குப் பார்க்கலாம்."

"நாலு நாளா இதே நாளைக்குத்தான்!" அவள் கத்தியதில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தீனி வாங்க வந்திருந்த பெரியவர் குறுக்கிட்டார். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன் பாய். கஸ்டமர் கோவப்படறதும் நியாயம்தானே?"

"கஸ்டமரா இருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பாரு சார்!" என்று அவரிடம் சீறிய ஜஹீரா, சிராஜுதீன் பக்கம் திரும்பினாள்.

"காலையில கைனாத் ஒரு டப்பா தீனியை முழுசாத் தொட்டியில கொட்டிட்டா. ஏன்டி இப்படிப் பண்றேன்னு மிரட்டிக் கேட்டேன். 'தண்ணி இன்னும் கலங்கினா அத்தா பகல்லயே வீட்டுக்கு வருவாங்கள்ல'ன்னு கேக்கறா, உங்க பொண்ணு."

சிராஜுதீன் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பொழிச்சலூருக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு வர முடியாது சார். எங்க வீட்டுத் தொட்டி கலங்கிக் கிடக்கு."

அவர் பேசி முடிப்பதற்குள் ஜஹீரா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.