பூனைதான் பெய்தது

சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டு, இருக்கையில் மூக்கை வைத்தேன்.

நாய், பூனை வளர்க்கிறவர்கள் வீட்டில் கறை எடுப்பதும் நாற்றம் போக்குவதும்தான் என் தொழில். பதினோரு வருஷமாக ஊரார் வீட்டு மெத்தையை மோந்து பார்த்துத்தான் சோறு தின்கிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மூக்கை வைத்துப் பிழைக்கிறேன், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை.

அன்றைக்கு நுழைக்க வைத்துவிட்டார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர். என்னைக் கூப்பிட்ட மகள், வெளியூரிலிருந்து லீவுக்கு வந்தவள். அவளுடைய அப்பா, ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர், மீசை மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது. கூடவே, அவரைப் பார்த்துக்கொள்கிற மருமகள், நான் வந்ததிலிருந்து வாயே திறக்காதவள்.

"பூனையா அப்பாவான்னு இன்னைக்கே தெரிஞ்சாகணும்," என்றாள் மகள். "அப்பான்னா முதியோர் ஹோம்ல சேர்த்துட வேண்டியதுதான். ஃபாரம்கூட வாங்கி வச்சிட்டேன்."

அவர் எதிரிலேயே சொன்னாள். குழாய் ஒழுகினால் மாற்றிவிடலாம் என்பதுபோலச் சொன்னாள்.

"என்னையா சந்தேகப்படறே? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்!" இன்ஸ்பெக்டர் விரலை ஜன்னல் பக்கம் நீட்டினார். "இந்தத் திருட்டுப் பயதான். நானே கண்ணால பார்த்தேன்."

ஜன்னலில் உட்கார்ந்திருந்த திருட்டுப் பயல் ஒரு காது கிழிந்த கடுவன் பூனை. விசாரணையைக் கொஞ்சமும் மதிக்காமல் பின்னங்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு ஊதா டார்ச்சை அடித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருக்கும் மூத்திரமெல்லாம் அந்த வெளிச்சத்தில் பல்லை இளிக்கும்.

நன்றாகவே இளித்தது.

கடுவன் பூனை அடாவடி பண்ணினால் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே சாய்மானத்தில் பீய்ச்சும். சாய்மானத்தில் ஒரு பொட்டு இல்லை. இது நட்டநடு இருக்கையில், டிவி பார்க்கிற ஆள் உட்கார்கிற இடத்தில், வட்டத்துக்குள் வட்டமாக ஸ்பாஞ்சின் அடிவரை இறங்கியிருந்தது. அடியிலிருந்த வட்டம் போன வருஷத்துச் சரக்கு.

மூக்கும் அதையேதான் சொன்னது. பூனை மூத்திரம் மண்டையில் அடிக்கும். இது நமக்கெல்லாம் தினமும் காலையில் பழக்கப்பட்ட சமாச்சாரம்.

நிமிர்ந்து திரும்பினேன்.

இன்ஸ்பெக்டர் எப்போது பூனையைத் தூக்கினாரோ தெரியாது, மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். எத்தனை பேரை லாக்கப்பில் உட்காரவைத்து உருட்டி மிரட்டியிருப்பார் இந்த மனுஷன். இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ரொம்பப் பாவமாகிவிட்டது.

என் மூக்கு பொய் சொல்லாது. வாய்க்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது.

"பூனைதாம்மா. சந்தேகமே வேண்டாம்."

மகளின் முகம் தொங்கிப்போனது. வாங்கிய ஃபாரம் வீணாகிறதே என்ற கவலையோ என்னவோ. அப்படியானால் பூனையை இன்றைக்கே துரத்தியாக வேண்டும் என்று குதித்தாள்.

"அது எங்கேம்மா போகும், வாயில்லா ஜீவன்," என்றார் இன்ஸ்பெக்டர், பூனையின் தலையைத் தடவியபடி. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

பூனைக்கு மூன்று வயதுக்கு மேல் இருக்காது. நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, துண்டை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்து, மறுபடி ஊற்றி, மறுபடி ஒற்றி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். இப்போது மூக்கை வைத்தால் சோபா சோபாவாகத்தான் நாறியது. எல்லோரும் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து உறைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் செருகிவிட்டேன்.

என் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள் மருமகள்.

"உள்ளே ஒரு விரிப்பு போட்டிருக்கேன். இனிமே ஸ்பாஞ்சுக்கு இறங்காது," என்றேன் மெதுவாக. "அந்தக் கறை ஒரு வருஷத்துது. இந்தப் பூனை எப்போம்மா வந்துச்சு?"

வாளியைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது நாளாச்சுக்கா. நாத்தனார் டிக்கெட் போட்டுட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே பூனைக் காப்பகத்துக்கு ஓடினேன். இருக்கிறதுலயே கண்ட இடத்துல பெய்யற பூனை எதுன்னு கேட்டு இதைத் தூக்கிட்டு வந்தேன். நாலு வீட்டுல சோபாவை நாசம் பண்ணி, நாலு வீட்டுலயும் துரத்திட்டாங்களாம்."

உள்ளே இன்ஸ்பெக்டர் பூனையை உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார். வீதிக்கே கேட்டது.

"இந்தப் பாவி என்னடான்னா, இங்க வந்ததுலேர்ந்து மண் பெட்டியை விட்டு ஒரு சொட்டு வெளியே போகலை." உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நாத்தனார் இன்னும் ஆறு நாள் இருப்பாங்க. நீங்க சொன்னதை முழுசா நம்பலை. அவங்க பார்க்க ஒரே ஒரு தடவை பெய்ஞ்சுட்டாப் போதும், மாமா தப்பிச்சிடுவாரு. அதுக்கு ஏதாவது வழி இருக்காக்கா?"

பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"பெட்டியில மண்ணை மூணு நாளைக்கு மாத்தாதே, நாறுற பெட்டியில பூனை கால் வைக்காது," என்றேன். "நாத்தனாரோட சூட்கேஸ் திறந்தே கிடக்கட்டும்."