பத்தொன்பது இன்ச்

பகல் இரண்டு பத்து. கோழிப்பண்ணையின் கட்டுப்பாட்டு அறையில் வித்யா புதுக் கம்ப்யூட்டரை இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறாள். எதிரே அதற்கான இரும்புத் தாங்கி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் சென்னிமலை என்பவர் செய்தது. ஒன்றரை இன்ச் இரும்பு ஆங்கிள் சட்டங்களால் கட்டித் தரையோடு பற்றவைத்திருக்கிறார். மஞ்சள் பெயிண்ட், ஓரமெல்லாம் சிவப்புப் பூ. அவள் சொன்ன பத்தொன்பது இன்ச்சை அவர் வெளிப்புறமாக அளந்துவிட்டார். கம்ப்யூட்டர் உள்ளே நுழையவில்லை. தரையில் வைத்தால் வயர்கள் ஒரு முழம் எட்டவில்லை. பழைய போர்டைக் காலையிலேயே கழற்றியாயிற்று. இந்தக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் கொட்டகையின் விசிறிகள் ஓடும். சுவருக்கு அப்பால் எட்டாயிரம் கோழிகள். கொக்கரிப்பு நின்று அரை மணி ஆகிறது. மூச்சிரைப்பு மட்டும் கேட்கிறது. சுவரில் முப்பத்தாறு டிகிரி என்று காட்டிய வெப்பமானி இப்போது முப்பத்தேழு என்கிறது.

“இன்னும் எத்தன நேரமுங்க அம்மிணி? ரெண்டு கோழி சாஞ்சிருச்சு.” பண்ணைக்காரர் கமலவேணி வாசலில் நின்று கேட்கிறார்.

“படத்துல உள்ளளவு தனியா போட்டிருந்தேனேங்க,” என்கிறாள் வித்யா, பக்கத்தில் நிற்கும் சென்னிமலையிடம்.

“படமெல்லாம் எதுக்குங்க? லாரியே மோதுனாலும் அசையாது, பாருங்க.” சென்னிமலை தாங்கியை உதைத்துக் காட்டுகிறார். அது அசையவில்லை.

“அறுத்துருங்க. இப்பவே,” என்கிறாள் வித்யா.

அவர் கட்டிங் மிஷினை எடுத்து வருகிறார். சிவப்புப் பூவைக் கட்டைவிரலால் தடவுகிறார். பிறகு அவள் கையிலிருப்பதைப் பார்க்கிறார்.

“பூவெல்லாம் போயிருமுங்க அம்மிணி. உங்க பொட்டியில ரெண்டு பக்கமும் ஒன்னரை ஒன்னரை இன்ச்சு சீவிரட்டுங்களா?”