உதிராத கதிர்

காட்டு நெல் விளைந்ததும் தொட்டாலே உதிர்ந்துவிடும். எஸ்தர் அதன் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றி வளர்த்த செடிகளில் ஒன்றே ஒன்றுதான் முற்றிய பிறகும் மணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. சோதிக்கும் முறை எளிது. கதிரைப் பொத்திப் பிடித்து, மெல்ல உலுக்கி, விட்டுவிட வேண்டும். கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தாள். மூளைக் கட்டியை எடுத்தபின் முதன்முறையாக வெளியே வந்திருந்த அண்ணன் கிருபாகரனிடம், "நீயே பாருண்ணே" என்றாள்.

அவன் கதிரைப் பிடித்து உலுக்கினான். துணியில் ஒரு மணிகூட விழவில்லை.

"போதும், விடுண்ணே."

"விட்டுட்டேம்லா."

விரல்கள் கதிரில் இறுகியிருந்தன. தண்டு வளைந்தது. முன்பு கட்டி இருப்பது தெரியவந்ததே இப்படித்தான். பேருந்துக் கம்பியைப் பிடித்த கை, இறங்க வேண்டிய இடம் வந்தும் விடவில்லை. கட்டி மறுபடி வளர்ந்தால் அந்தக் கைதான் முதலில் காட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கையப் பாருண்ணே."

"எதுக்கு? அப்பவே விட்டாச்சுட்டி." அவன் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இழுத்தால் கதிர் ஒடிந்துவிடும். சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கதிர் முழுசாக வெளியே வந்தது. துணி வெறுமையாகவே கிடந்தது. இத்தனை வருடம் இதற்குத்தான் காத்திருந்தாள். இப்போது அதைப் பார்க்கவில்லை. விரிந்திருந்த அவன் உள்ளங்கையில் தன் சுட்டுவிரலை வைத்தாள். கை மூடிக்கொண்டது. மெல்ல உலுக்கினாள்.

விடு என்று சொல்லத்தான் பயமாயிருந்தது.