பெயரும் பிறந்த தேதியும்

“பேரைச் சொல்லுங்க பெரியவரே. பேரு, பிறந்த தேதி, அவ்வளவுதான். சொல்லிட்டா ஊசியைப் போட்டுடறேன்.”

மார்னி மூன்றாவது முறையாகக் கேட்டாள். கிழவர் நாற்காலியில் சாய்ந்து, சட்டைக் கையை மடக்கிவிட்டு, ஊசி போடுகிற கையை நீட்டித்தான் வைத்திருந்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

“ஜூலை ஒண்ணு,” என்றார் கடைசியில், சுவரைப் பார்த்து.

“அது தேதி. பேரு?”

கிழவர் நீட்டியிருந்த கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

கடலோர ஹோபார்ட்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அவள் வந்து நாலு நாள்தான் ஆகிறது. நர்சிங் கடைசி வருஷம். சிறுநீரகப் பாடத்தில் எண்பத்தெட்டு மார்க். ஆனால் வேலை செய்யாத சிறுநீரகத்தைப் பற்றித்தான் புத்தகத்தில் இருந்தது; வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவருக்கு ரத்தம் சுத்தம் செய்தது வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். எடை மூன்றரை கிலோ ஏறியிருந்தது, அத்தனையும் வெளியேற வழியில்லாத தண்ணீர். கண் இமை இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. ரத்தத்தில் பொட்டாசியம் இதற்கு மேல் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதுவும் அவளுக்கு மனப்பாடம்.

பெரிய நர்ஸ் லொரெய்ன் வந்தாள். “மிஷின் ஏன் இன்னும் சும்மா நிக்குது?”

“பேரைச் சொல்ல மாட்டேங்கறார் சிஸ்டர்.”

“சொல்லாம ஊசி போட்டேன்னா உன் பயிற்சித் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் ஒரே பேரு. போன வருஷம் மிஷின்ல அவருக்கு வெச்ச அளவை இவருக்கு வெச்சுட்டாங்க, மனுஷன் மயங்கி விழுந்துட்டார். அதுலேர்ந்து அவங்கவங்க வாயாலயே சொல்லணும்.”

“பிறந்த தேதி வேறயா இருக்குமே?”

“எங்க? அதுவும் ஜூலை ஒண்ணுதான். தேதி தெரியாத பழங்குடி ஜனங்க எல்லாருக்கும் கவர்மெண்ட் எழுதிக்குடுத்த நாள். இந்த ரூம்ல மட்டும் ஆறு பேருக்கு ஒரே கேக் வெட்டலாம்.”

“உங்களுக்குத்தான் இவரைத் தெரியுமே சிஸ்டர்?”

“எனக்குத் தெரியும். ரூலுக்குத் தெரியாதே. இல்லேன்னா சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும். இவருக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?”

ரூல் போடுகிறவன் எந்த ஊரிலோ உட்கார்ந்து போடுகிறான். நாற்காலியில் உட்காருகிறவன் இங்கே இருக்கிறான்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மார்னி அதைக் காட்டினாள். “அவர் வரலையா?”

“வெள்ளிக்கிழமை முடிஞ்ச கையோட ஊருக்கு வண்டி ஏறிட்டாராம். முந்நூறு கிலோமீட்டர். ஊர் நெனப்பு வந்துட்டா மிஷினாவது மண்ணாவது. வரலைன்னு எழுதிக்கோ. ஹாஸ்டல்ல ஆறு வருஷமா ரெண்டு பேரும் ஒரே ரூம். விட்டுட்டுப் போயிட்டான்னு இவருக்குக் கோவம், அதை உன்கிட்ட காட்டறார். எட்டு மணி வரைக்கும் பாரு. சொல்லலைன்னா நாற்காலியை அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டு இவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடு.”

மணி ஏழே முக்கால்.

மார்னி அவர் பக்கத்தில் குனிந்தாள். “நான் படிக்கறேன். நீங்க தலையை ஆட்டினா போதும்.” தாளில் இருந்த பெயரை உரக்கப் படித்தாள். “இதுதானே?”

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்குக் காது மந்தமோ என்று இன்னும் சத்தமாகப் படித்தாள். எதிர் நாற்காலிக் கிழவி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். ஜன்னலோரம் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிர்கிறது போலிருக்கிறது என்று மார்னி எழுந்துபோய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்தாள்.

“ஏன் இப்படிப் பண்றீங்க? செத்துப்போயிடுவீங்க, தெரியுமா?” அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தெரியும் என்று.

எட்டு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது நப்புருலா உள்ளே வந்தாள். நோயாளிகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிவருவதும், அவர்கள் சொல்வதை நர்ஸுகளுக்குப் புரியவைப்பதும் அவள் வேலை. வாசலிலேயே மார்னியின் குரல் கேட்டிருக்க வேண்டும், முகம் சுண்டியிருந்தது.

“தாளை இப்படிக் குடு. எங்க ஜன வழக்கப்படி இவர் எனக்கு அப்பா முறை. கையெழுத்து நான் போடறேன், நீ ஊசியைப் போடு.”

“சிஸ்டர் ஒத்துக்குவாங்களா?”

“ஒத்துக்குவா. அந்தப் பேரை மட்டும் இன்னொரு தடவை வாயால சொல்லிடாதே.”

ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. மார்னி பஞ்சை ஒட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள். “என் மேல கோவமா பெரியவரே?”

“உன் மேல எதுக்குக் கோவம் பொண்ணே? பக்கத்து நாற்காலிக்காரன் சனிக்கிழமை ஊர்ல செத்துட்டான். செத்தவன் பேரை நாங்க வாயால சொல்றதில்ல, காதால கேக்கறதும் இல்ல.”

மார்னி காலி நாற்காலியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். “ஆனா... அது உங்க பேரும்தானே?”

“இருந்துச்சு. போகும்போது அவன் எடுத்துட்டுப் போயிட்டான்.”